பம்ப்பா பைப்பா, மொதல்ல அதைப் பாருங்க

தேவகோட்டையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காக. ஆத்தாவுக்கு 61 வயசு, பன்னெண்டு வருஷமா முடக்குவாதம், அதான் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளுனோமைடும் சேத்துப் போட்டும் அடங்கல, மதுரை டாக்டர் அடலிமுமாப் ஊசி ஆரம்பிக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டாராம். ஆனா மூணு வருஷம் முன்னாடி ஆத்தாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு. ஊசி டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருக்க பேப்பரை தம்பிக்காரர் விரிச்சுப் படிச்சிருக்காரு, அதுல ஹார்ட் ஃபெயிலியர்னு இருந்துச்சாம், அன்னையில இருந்து வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல. அதுக்குப் பதிலா டோஃபாசிட்டினிப்னு ஒரு மாத்திரை இருக்காமே, ஊசியே இல்லையே, அது ஹார்ட்டுக்கு சேஃப்தானேன்னு கேள்வி.

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா அவசரம் அதுலதான் இருக்கு. ஊசின்னா பெரிய மருந்து மாத்திரைன்னா சின்ன மருந்துன்னு நம்ம ஆளுகளுக்கு மனசுக்குள்ள ஒரு கணக்கு உண்டு, இந்த விஷயத்துல அந்தக் கணக்கு தலைகீழ். ஸ்டென்ட் வச்ச ஆளுக்கு அந்த ஊசியை விட அந்த மாத்திரைக்குத்தான் நான் ரொம்ப யோசிப்பேன். ஏன்னு கீழ சொல்றேன். நான் டாக்டர் இல்ல, காரைக்குடிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி ஃபார்மசியில நின்ன ஆளு, இப்ப ரிட்டயர்டு. முடிவு உங்க டாக்டரோடது, என்னென்ன கேட்டுட்டு வரணும்ங்கிறதுக்குத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

ஹார்ட் பாதிக்கும்னு எல்லாரும் ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடுறாக, அங்கதான் குழப்பமே. தோட்டத்துக் கிணத்து மோட்டாரை நெனச்சுக்கங்க. பைப்ல அடைப்பு விழுந்து தண்ணி வராம போறது ஒரு கோளாறு. பைப் நல்லா இருந்தும் மோட்டாரே இழுக்க மாட்டாம முனகுறது வேற கோளாறு. அட்டாக், பிளாக், ஸ்டென்ட் எல்லாம் பைப் சமாச்சாரம். ஹார்ட் ஃபெயிலியர்ங்கிறது பம்ப் சமாச்சாரம், ஃபெயிலியர்னதும் ஹார்ட் நின்னு போறதுன்னு நெனைக்காதீங்க, தள்ள வேண்டிய ரத்தத்தைத் தள்ள முடியாம கால்லயும் நுரையீரல்லயும் தண்ணி தேங்குறது. இதயத்துல என்ன கூத்துன்னா அந்த பைப் தண்ணி பாய்ச்சுறதே அந்த மோட்டாருக்குத்தான், அதனால பைப் அடைச்சா நாள்பட பம்ப்பும் கெட்டுப் போகலாம், ஆனா கெட்டே தீரும்னு இல்ல. உங்க ஆத்தாவுக்கு பைப்ல அடைப்பு இருந்துச்சுங்கிறது தெரியும். பம்ப் எப்படி இருக்குங்கிறது உங்க கேள்வியில எங்கயுமே இல்ல. அதுதான் இங்க முக்கியமே.

அந்த பேப்பர்ல ஏன் அப்படிப் போட்டிருக்குன்னா அது ஒரு கதை. அடலிமுமாப், எட்டானெர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப், கோலிமுமாப் இதெல்லாம் ஒரே குடும்பம், உடம்புல வீக்கத்தைக் கெளப்பிவிடுற டி.என்.எஃப்.ங்கிற பொருளைக் கட்டிப்போடுற மருந்துக. 1990-லயே ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக ரத்தத்துல இந்த டி.என்.எஃப். ஏகத்துக்கும் இருக்குன்னு கண்டுபிடிச்சாக. சரி அதைக் கட்டிப்போட்டா ஹார்ட் தேறிடும்னு எல்லாரும் நெனச்சாக, நியாயமான நெனப்புதான். எட்டானெர்செப்டை வச்சு ரெண்டாயிரம் பேருக்கு மேல போட்டுப் பாத்தாக, ஒரு பிரயோஜனமும் தெரியலன்னு பாதியிலயே நிறுத்திட்டாக. இன்ஃப்ளிக்ஸிமாப் வச்சு 150 பேர்ல பாத்த ஆய்வு 2003-ல வெளிவந்துச்சு, அது இன்னும் மோசம், கிலோவுக்கு 10 மில்லிகிராம்னு பெரிய டோஸ் போட்டவுகள்ல சாவும் ஃபெயிலியர்னு ஆஸ்பத்திரியில சேந்ததும் கூடிப்போச்சு. கவனிக்க வேண்டியது என்னன்னா அந்த 150 பேருமே ஏற்கனவே பம்ப் நல்லாவே கெட்டுப்போன ஆளுக, அதுவும் வாதத்துக்கு நாம ஆரம்பிக்கிற 3 மில்லிகிராம் டோஸ் இல்ல அது, மூணு மடங்குக்கு மேல.

அதே 2003-ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ.க்கு வந்த புகார்களை எடுத்து அலசி எழுதுனாக. இந்த ஊசி போட்டு ஹார்ட் ஃபெயிலியர் ஆன 47 பேர், அதுல 38 பேருக்குப் புதுசா வந்தது, அந்த 38-ல பாதிப் பேருக்கு பி.பி., சுகர், பழைய அட்டாக்னு வேற காரணமே சொல்ல முடியல. அதனால நல்ல ஹார்ட்டுக்கு வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அது அபூர்வம். பம்ப் ஏற்கனவே சொணங்கிக் கெடந்து அது யாருக்கும் தெரியாம ஊசியை ஆரம்பிக்கிறதுதான் நெஜமான ஆபத்து.

இதை நான் வீட்லயே பாத்தேன். பள்ளத்தூர்ல எங்க அயித்தை. நம்ம பக்கத்து வீடுகள்ல தலைவாசல் கதவுக்குச் சாணு நீளத்துல இரும்புச் சாவி இருக்கும்ல, அதைத் திருப்புறது ஒரு வித்தை, அயித்தைக்கு விரலெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு மணிக்கட்டு வீங்கி, காலையில பத்து மணி ஆகுற வரைக்கும் அந்தச் சாவியைத் திருப்ப முடியாது, பால்காரர் வெளியே நிப்பாரு இவுக உள்ள நிப்பாக. இன்ஃப்ளிக்ஸிமாப் ட்ரிப் ரெண்டு ஏறினதும் விடியக்காலையிலயே கதவு தொறந்துச்சு. வீடே கொண்டாடுச்சு. மூணாவது ட்ரிப், அதாவது ஆறாவது வாரம், போட்டு பத்து நாள்ல கால் மெட்டி கழட்ட முடியலன்னாக. வாதத்துல கால் வீங்குறதுதானேன்னு நானே சொன்னேன், மருந்து படிச்ச நானு. அப்புறம் ராத்திரி படுக்க முடியல, பட்டாலையில தூண்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டே தூங்கியிருக்காக, யாருக்கும் சொல்லல. ஒரு நாள் போய்ப் பாக்குறேன், கணுக்காலுக்கு மேல கட்டை விரலை அமுக்கி எடுத்தா குழி அப்படியே நிக்குது, எந்திரிக்க நேரமாகுது. மூட்டு வீக்கத்துல அப்படிக் குழி விழாது. அப்பத்தான் எக்கோ, அதான் ஹார்ட்டை ஸ்கேன் பண்ணிப் பாக்குறது, எடுத்தாக, பம்ப் பாதிதான் வேலை செய்யுது, அதோட பழைய அட்டாக் ஒண்ணு வந்து போன தழும்பும் இருக்கு. எப்ப வந்துச்சுன்னே தெரியாது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாக, டி.பி. டெஸ்ட் எடுத்தாக, எக்கோ மட்டும் யாரும் எடுக்கல, நானும் கேக்கல. ஊசியை நிறுத்தி, தண்ணி எறங்க மாத்திரை குடுத்து, அப்புறம் வேற மருந்துக்கு மாத்தினாக, தேறிட்டாக. அந்தக் குறை இன்னும் எனக்கு மனசுல இருக்கு.

தெரியாம அட்டாக் வந்து போறது அயித்தைக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்ல. அமெரிக்காவுல மினசோட்டா பக்கம் ரோச்செஸ்டர் ஊர்ல எடுத்து 2005-ல வெளியிட்ட கணக்குல, முடக்குவாதக்காரவுகளுக்கு மத்தவுகளை விட நெஞ்சு வலி சொல்றது கம்மி, சத்தமில்லாத அட்டாக் அதிகம்னு வந்துச்சு. உடம்பு முழுக்க வலிக்கிற ஆளுக்கு தோள் வலி எது நெஞ்சு வலி எதுன்னு எப்படிப் பிரிச்சுத் தெரியும், வலி மாத்திரை வேற எப்பவும் உள்ள கெடக்கு.

சரி உங்க ஆத்தாவுக்கு வருவோம். வீட்லயே மொதல் சோதனை பண்ணலாம். முகப்புல இருந்து வளவு தாண்டி ரெண்டாங்கட்டு வழியா அடுப்படி வரைக்கும் அவுக பாட்டுக்கு நடந்தா மூச்சு வாங்குதா? முட்டி வலியால நிக்கிறது வேற, மூச்சு முட்டி நிக்கிறது வேற, அதைப் பிரிச்சுக் கேளுங்க. சும்மா வீட்டுக்குள்ள நடக்குறதுக்கே மூச்சு வாங்குச்சுன்னா டாக்டர்க கணக்குல மூணாவது கிரேடு, உக்காந்திருக்கும்போதே வாங்குச்சுன்னா நாலாவது. இந்த ரெண்டு கிரேடுல இருக்கவுகளுக்கு டி.என்.எஃப். ஊசியை விட்டுட்டு வேற குடும்பத்து மருந்துக்குப் போகணும்னு அமெரிக்க வாத நிபுணர்கள் கல்லூரி 2021 வழிகாட்டியில சொல்லுது, ஐரோப்பாவுல அடலிமுமாப் இவுகளுக்குப் போடவே கூடாதுன்னே லேபிள்ல இருக்கு. மாடிப்படி ஏறினா மட்டும் கொஞ்சம் வாங்குதுங்கிற கேஸ் நடுவுல, அங்க இதய டாக்டரும் வாத டாக்டரும் பேசிக்கணும், நம்ம ஊர்ப் பக்கம் ரெண்டு பேரும் ரெண்டு ஊர்ல இருப்பாக, ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலையறது நாமதான், வேற வழி இல்ல.

ரெண்டாவது, எக்கோ. ஸ்டென்ட் வச்சப்ப எடுத்தது மூணு வருஷப் பழசு, புதுசா ஒண்ணு எடுங்க. அதுல இ.எஃப்.னு ஒரு சதவீதம் போட்டிருக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் பம்ப்ல நெறஞ்ச ரத்தத்துல எவ்வளவு வெளிய தள்ளுதுங்கிற கணக்கு அது. 60 சதவீதம்னு பாத்துட்டு ஐயையோ 40 சதவீதம் போச்சேன்னு அழுத குடும்பத்தையெல்லாம் நான் கவுண்டர்ல நின்னு பாத்திருக்கேன். நூத்துக்கு நூறு யாருக்கும் வராது, 55-க்கு மேல இருந்தா பம்ப் நல்லா தள்ளுதுன்னு அர்த்தம். 40-க்குக் கீழன்னா தெளிவா சொணக்கம். மூச்சு வாங்குது ஆனா எக்கோ நல்லாத்தான் இருக்குன்னா பம்ப் திணறுதான்னு காட்டுற என்.டி. புரோ பி.என்.பி.னு ஒரு ரத்த டெஸ்ட் உண்டு, டாக்டர்கிட்ட கேளுங்க.

பம்ப் நல்லா இருக்குன்னு வந்துச்சுன்னா, ஸ்டென்ட் இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக அடலிமுமாப்பைத் தள்ளி வைக்க வேண்டியது இல்ல. சொல்லப் போனா பைப்புக்கு அது நல்லது பண்ணவும் வாய்ப்பிருக்கு. முடக்குவாதம் வெறும் மூட்டு நோய் இல்ல, அந்த வீக்கம் ரத்தக் குழாய்ச் சுவர்லயும் நடக்குது, அதனாலதான் ஐரோப்பிய வாத சங்கம் மத்தவுகளுக்குப் போடுற ஹார்ட் ரிஸ்க் கணக்கை இவுகளுக்கு ஒன்றரையால பெருக்கச் சொல்லுது. பிரிட்டன்ல ஊசி போட்டவுகளை வருஷக்கணக்கா பதிவு பண்ணி 2007-ல ஒரு கணக்கு விட்டாக. ஆறு மாசத்துல வாதம் நல்லா அடங்கினவுகள்ல ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 3.5 அட்டாக், ஊசி போட்டும் அடங்காதவுகள்ல 9.4. இதுக்கு ஊசி மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாது, நோய் லேசா இருந்தவுகதான் சீக்கிரம் அடங்கியிருப்பாகளோன்னும் கேக்கலாம், ஆனாலும் வீக்கம் எரிஞ்சுக்கிட்டே கெடக்குற உடம்புல பைப் கெட்டுக்கிட்டே இருக்குங்கிறது மட்டும் நிச்சயம். பயந்து ஊசியை ஆறு மாசம் தள்ளிப்போட்டா அந்த ஆறு மாசமும் அது எரியும், அது எந்த டப்பா பேப்பர்லயும் எழுதியிருக்காது.

இப்ப அந்த மாத்திரை. டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப், உபாடாசிட்டினிப் இதெல்லாம் ஜாக் இன்ஹிபிட்டர்னு சொல்ற குடும்பம், சரியாச் சொன்னா பயாலஜிக்கே இல்ல (பயாலஜிக்னா அடலிமுமாப் மாதிரி உயிரணுக்களை வச்சுத் தயாரிக்கிற ஊசி மருந்து). டோஃபாசிட்டினிப் நம்ம நாட்டுல ஜெனரிக் வந்து வெலை எறங்குனதும் எழுதுறது ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு, தப்பு சொல்லல, சின்ன வயசுக்காரவுக நெறையப் பேருக்கு அது அருமையான மருந்து. ஆனா 2022 ஜனவரியில ஒரு பெரிய ஆய்வு வெளிவந்துச்சு, 4362 பேர், எல்லாரும் 50 வயசைத் தாண்டினவுக, ஒவ்வொருத்தருக்கும் சிகரெட்டோ பி.பி.யோ சுகரோ ஏதாவது ஒரு ஹார்ட் ரிஸ்க் இருந்துச்சு. ஒரு பக்கம் டோஃபாசிட்டினிப், இன்னொரு பக்கம் அடலிமுமாப் இல்லைன்னா எட்டானெர்செப்ட், சுமார் நாலு வருஷம். அட்டாக், பக்கவாதம், ஹார்ட்டால சாவு எல்லாம் சேத்தா மாத்திரைப் பக்கம் 3.4 சதவீதம், ஊசிப் பக்கம் 2.5. புத்துநோயும் மாத்திரைப் பக்கம்தான் கூட. இதுவாச்சும் சின்ன வித்தியாசம்னு சொல்லலாம். ஏற்கனவே அட்டாக், ஸ்டென்ட், பக்கவாதம் மாதிரி பைப் கோளாறு இருந்தவுகளை மட்டும் தனியாப் பிரிச்சுப் பாத்தா 8.3-க்கு 4.2, ஏறக்குறைய ரெண்டு மடங்கு. உங்க ஆத்தா சரியா இந்த வரிசையில நிக்கிறாக. இந்த ஆய்வோட முடிவுகளைப் பாத்துட்டு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021 செப்டம்பர்லயே டப்பாவுல கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லிடுச்சு. ஐரோப்பாவுலயும் 65 தாண்டினவுக, புகை பிடிக்கிறவுக, ஹார்ட் கோளாறு உள்ளவுகளுக்கு வேற வழி இல்லைன்னாத்தான் இதுன்னு வச்சிருக்காக. அப்ப அதுல ஒப்பிட்டுப் பாத்து பரவாயில்லன்னு வந்த மருந்து எது? உங்க தம்பி பயப்படுற அதே அடலிமுமாப்பும் அதுல ஒண்ணு.

ஒருவேளை எக்கோவுல பம்ப் சொணக்கம்னு வந்தா என்ன பண்றது, மருந்தே இல்லையான்னு பதற வேண்டாம். அபடாசெப்ட்னு ஒண்ணு இருக்கு, ஹார்ட் விஷயத்துல பெருசா வம்பு பண்ணாத மருந்து. ரிட்டுக்ஸிமாப், எங்க அயித்தைக்கு மாத்தினது அதுதான், ஒரு கிராம் ட்ரிப், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு கிராம், அப்புறம் பல மாசத்துக்கு ஓட்டம். அதுல கவனம் வேண்டியது ட்ரிப் ஏறுற அந்த நாலஞ்சு மணி நேரம்தான், அதுவும் மொதத் தடவை. பி.பி. திடுதிப்புன்னு எறங்கலாம், துடிப்பு தாறுமாறாகலாம், ஏற்கனவே பைப் கோளாறு இருக்கவுகளுக்கு அட்டாக்கே வந்ததும் உண்டு. அதனால அரை மணி முன்னாடி ஸ்டீராய்டு ஊசி போட்டுட்டு மெதுவா ஆரம்பிச்சு அரை மணிக்கொரு தடவை வேகத்தைக் கூட்டுவாக. பி.பி. மாத்திரையை மொத நாள் ராத்திரியில இருந்து நிறுத்தணுமான்னு முன்கூட்டியே கேட்டுக்கங்க. பஸ்ஸைப் பிடிக்கணும் கொஞ்சம் வேகமா ஏத்துங்கன்னு நர்ஸம்மாவை அவசரப்படுத்துற சொந்தக்காரவுகளைப் பாத்திருக்கேன், அந்த வேலை வேண்டாம்.

டோசிலிசுமாப்னு இன்னொரு பயாலஜிக் இருக்கு, அதுல வேற மாதிரி ஒரு பயம் கெளம்பும். போட்ட ஒரு மாசத்துல கொலஸ்ட்ரால் ஏறும். ஊசி கொலஸ்ட்ராலை ஏத்துதுன்னு உடனே நிறுத்திடாதீங்க. நோய் முத்தி இருக்கும்போது கொலஸ்ட்ரால் இயல்பை விட எறங்கித்தான் கெடக்கும், அது நல்ல கொறைச்சல் இல்ல, வீக்கம் தின்னுட்டுப் போன கொறைச்சல். வீக்கம் அடங்கினதும் அது மேல வரும். 3080 பேரை வச்சு டோசிலிசுமாப்பையும் எட்டானெர்செப்டையும் நேருக்கு நேர் வச்சு 2020-ல ஆய்வு வந்துச்சு, அட்டாக், பக்கவாதக் கணக்கு டோசிலிசுமாப் பக்கம் 83 பேர், எட்டானெர்செப்ட் பக்கம் 78, சமம்னே வச்சுக்கலாம். நாலுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்து, வேணும்னா ஸ்டேட்டின், அதான் கொலஸ்ட்ராலைக் கொறைக்கிற மாத்திரை, அதோட டோஸைச் சரி பண்ணிக்கலாம், உங்க ஆத்தா எப்படியும் ஸ்டேட்டின்லதான் இருப்பாக.

இவ்வளவு பெரிய மருந்துகளுக்குப் பயப்படுறவுக கண்ணை மூடிக்கிட்டு சாப்பிடுற ஒண்ணு இருக்கு, வலி மாத்திரை. கவுண்டர்ல நின்ன அத்தனை வருஷத்துல சீட்டே இல்லாம நாலு டைக்ளோஃபெனாக் குடுங்க, அந்த எட்டோரிகாக்ஸிப் ஒரு அட்டை குடுங்கன்னு கேக்காத நாள் கெடையாது. பைப்புக்கும் கெடுதல், பம்ப்புக்கும் கெடுதல், உப்பையும் தண்ணியையும் உடம்புல பிடிச்சு வைக்கும், பி.பி.யை ஏத்தும். இதே இனத்துல ரோஃபெகாக்ஸிப்னு ஒண்ணு அட்டாக் வருதுன்னு 2004-ல உலகம் பூரா வாபஸ் வாங்கினாகளே, அது எல்லாருக்கும் மறந்து போச்சு. ஸ்டென்ட்டுக்கு ஆஸ்பிரின் போடுற ஆளு கூடவே இபுபுரோஃபென் போட்டா ஆஸ்பிரினோட வேலையையே அது தடுத்துடும், இதை எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டாக. பிரட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான், டோஸ் ஏற ஏற, நாள் கூடக் கூட ஹார்ட்டுக்கு ஆகாது, அதுக்காக அதை நாமளே டக்குன்னு நிறுத்தவும் கூடாது, அது வேற ஆபத்து. ஊரு ஊரா வந்து டப்பாவுல லேபிள் இல்லாம வாதப் பொடி குடுத்துட்டுப் போறாகளே, தின்ன மறுநாளே வலி பறந்துச்சுன்னா அதுல என்ன கலந்திருக்கும்னு யோசிச்சுக்கங்க. பயாலஜிக் ஊசி வேலை செஞ்சா கெடைக்கிற பெரிய லாபமே வலி மாத்திரை, ஸ்டீராய்டு ரெண்டையும் கொறைக்கலாங்கிறதுதான்.

ஊசி ஆரம்பிச்சப்புறம் என்ன பாக்கணும்னா, வீட்ல ஒரு எடை மிஷின் வாங்கிப் போடுங்க. காலையில பாத்ரூம் போயிட்டு வந்து, சாப்பிடுறதுக்கு முன்னாடி, தெனமும் ஏறி நின்னு காலண்டர்லயே எழுதி வைங்க. மூணு நாலு நாளைக்குள்ள ரெண்டு கிலோ ஏறினா அது பலகாரத்துல ஏறினது இல்ல, தண்ணி. கணுக்கால்ல விரலை வச்சு அமுக்கிப் பாருங்க, ரெண்டு தலகாணி மூணாகுதான்னு கவனிங்க, படுத்தா வறட்டு இருமல் வருதான்னு கேளுங்க. இதுல ஏதாவது ஒண்ணு வந்துச்சுன்னா அடுத்த ஊசியைப் போடாம டாக்டருக்குப் போன் பண்ணுங்க. காய்ச்சல் வந்தாலும் அதேதான். பம்ப் கொஞ்சம் சொணக்கம்னு தெரிஞ்சவுகளுக்கு உப்பு விஷயம் சொல்லணும், சோத்துல உப்பைக் கொறைச்சுட்டேங்கிறாக, ஆனா தட்டோரத்துல மோர்மிளகா, வத்தல், அப்பளம், மாங்கா ஊறுகா, ஞாயித்துக்கெழமை உப்புக்கண்டம். உப்பு பூரா அதுலதான் இருக்கு.

டி.பி. டெஸ்ட்டை மறக்காதீங்க, உள்ள தூங்கிக் கெடக்குற டி.பி.யை இந்த ஊசி எழுப்பிவிடலாம், நம்ம ஊர்ல ஹார்ட்டை விட அதுக்குத்தான் டாக்டர்க அதிகம் பயப்படுவாக. காசு விஷயம், அடலிமுமாப்போட மொத பயோசிமிலரே, அதான் அசலைப் போலவே வேற கம்பெனி தயாரிக்கிறது, 2014 டிசம்பர்ல நம்ம அகமதாபாத்துக் கம்பெனி கொண்டு வந்ததுதான், அதுக்கப்புறம் பல கம்பெனி வந்துடுச்சு, கடைக்குக் கடை வெலை ஏகத்துக்கும் மாறும், நாலு எடம் விசாரிங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு 40 மில்லிகிராம் ஊசி, மதுரையில வாங்கினா ஐஸ் பாக்ஸ்ல வச்சுக் கொண்டு வாங்க, சித்திரை வெயில்ல பஸ் சீட்டுக்கு மேல கம்பியில பையை மாட்டிட்டு வந்தா மருந்து வீணாப் போயிடும். ஐஸ்கட்டி மேல ஊசி நேராப் படாம துண்டு ஒண்ணு சுத்துங்க, ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம்.

எக்கோ ரிப்போர்ட் வந்ததும் அதையும், ஸ்டென்ட் வச்சப்ப குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும், ஆத்தா இப்ப முழுங்குற எல்லா மாத்திரை அட்டையையும், ஆமா அந்த வலி மாத்திரை அட்டையையும் சேத்துத்தான், ஒரே பையில போட்டு மதுரை டாக்டர் மேசையில கொட்டிருங்க. அவர்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பம்ப் எப்படி இருக்குன்னு பாத்தப்புறமும் இதே ஊசிதானா டாக்டர்னு கேளுங்க.